இரும்பில்லாத தீவு

அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் எதிர் மேசை அக்கா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் வரிசையாக நிற்கும். "முடிச்சிட்டியா?" என்று அவ்வப்போது கேட்பாரே தவிர, நான் முடித்துவிட்டதாகச் சொல்லும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடும் விளையாட்டு அது. ஒருவர் ஆடும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது என்ற விதியைப் போட்டவரும் அவர்தான். என் முறை முடிந்து நான் ஜன்னல் பக்கம் திரும்பியபின், பலமுறை ஓரக்கண்ணால் அவர் திரையைப் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கப்பலில் வரும் சரக்குகளுக்குச் சுங்கப் படிவங்கள் தயாரித்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி. தட்டச்சு இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டு எங்கள் முதலாளியான தவுக்கே இரண்டு கணினிகளை வாங்கிப் போட்டிருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று எதிர் மேசையில் இருந்த அக்காவுக்கு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, மாலை வகுப்பில் தட்டச்சு கற்றுக்கொண்டு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானில் ஓர் அறை எடுத்து, கண் பார்வை மங்கிப்போன தன் அம்மாவோடு இருந்தார். கணினியைப் பொருத்த வந்தவர் ஒரு டிஸ்கெட்டில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் அதைத் திறந்து பார்த்தது அக்காதான் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

கடலில் ஐந்து தீவுகள். எங்களுக்கு ஆளுக்கொன்று. மீதி மூன்றைக் கணினியே ஆளும். ஒவ்வொரு தீவும் உழவு, எழுத்து, பாய்மரம், வெடிமருந்து என்று ஒவ்வொரு வித்தையாகக் கற்றுக்கொண்டு வளர வேண்டும். ஒரு வித்தையைக் கற்கப் பல முறைகள் காத்திருக்க வேண்டும். கற்றதை மற்றொரு தீவுக்குக் கொடுக்கவும் வழி இருந்தது. ஆனால் போட்டியாளருக்கு யார் கொடுப்பார்கள்? முதல் சில வாரங்கள் நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் மறைத்து மறைத்து ஆடினோம். நான் கம்பும் கல்லும் வைத்துக்கொண்டிருந்தபோது அவரும் கம்பும் கல்லும்தான் வைத்திருந்தார். கணினியின் தீவுகள் குதிரைகளோடு வந்து எங்கள் இருவரையும் நசுக்கிவிட்டுப் போயின.

இரண்டாவது முறை தோற்ற அன்று, தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அக்கா சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே பாடத்தத் தனித்தனியா படிச்சிக்கிட்டு இருக்கோம்லா. நீ கப்பலப் படி, நான் எழுத்தப் படிக்கிறேன். முடிஞ்சதும் மாத்திக்குவோம்."

"அந்தக் கப்பல்லயே வந்து நீங்க என்னை அடிச்சீங்கன்னா?"

"அடிச்சா அடிச்சதுதான். அது வரைக்கும் ரெண்டு பேரும் நல்லா இருப்போம்ல."

அதற்குப் பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. அதே நேரத்தில் இரு மடங்கு வித்தைகள் கையில் இருந்தன. கணினியின் தீவுகள் பின்தங்கிப் போயின. யார் எதை முதலில் கற்பது என்று பேசிப் பேசியே சாப்பாட்டு நேரம் கழிந்தது. அவர் என்ன வைத்திருக்கிறார் என்று பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, எனக்கும் அதே இருந்தது. ஆனால் போகப் போக நான் ஒன்றைக் கவனித்தேன். ஒரே வித்தை இருவரிடமும் இருந்தாலும் அது இருவருக்கும் ஒரே பலத்தைத் தருவதில்லை. என் தீவில் இரும்பு மலை இருந்தது. அவருடைய தீவில் மருந்துக்குக்கூட இரும்பு இல்லை. வெடிமருந்து செய்யும் வித்தையை அவர் முதலில் கற்றார். பீரங்கி வார்க்க அவரிடம் ஒன்றுமில்லை. எனக்குக் கொடுத்தால் என்னால் வார்க்க முடியும். அது அவருக்கும் தெரியும். "எங்கிட்ட சும்மாதான் கெடக்கு, உனக்காவது ஆகட்டும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் நான் பீரங்கிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் அவருடைய தலைநகரைப் பிடித்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் குடுத்த மருந்துதான்" என்றார். பிறகு சிரித்து, புதிய ஆட்டம் தொடங்கச் சொன்னார். அந்தப் புதிய ஆட்டத்திலும் தான் கற்ற முதல் வித்தையை எனக்குத்தான் கொடுத்தார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அதை நான் ஏமாளித்தனம் என்று நினைத்தேன்.

அந்த ஆண்டு தவுக்கே கோலாலம்பூரில் ஒரு கிளை திறப்பதாகவும், அதை நடத்த எங்கள் இருவரில் ஒருவரைப் பொறுப்பாளராக்கப் போவதாகவும் சொன்னார். இன்னொருவருக்குக் கிள்ளானில் என்ன வேலை மிஞ்சும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து இருவரும் அவர் முன்னால் ஒரே கட்டுப் படிவங்களைக் கணினியில் தயாரித்துக் காட்ட வேண்டும். அக்காவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் மறுவாரமே அவர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் ஒருமுறை அடித்து வைத்துவிட்டால், பிறகு எந்தப் படிவத்திலும் ஒரே விசையில் அதை வரவழைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆங்கிலக் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். எனக்குப் பொறுமையாக இரண்டு முறை செய்து காட்டினார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

சில நாட்களில், அவர் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டே நான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். சரக்கின் பெயரை அடித்தால் அதற்குரிய சுங்க எண் தானாகவே வந்து நிற்கும். தடித்த புத்தகத்தைப் புரட்டி எண் தேடுவதில்தான் எங்கள் பாதி நாள் போய்க்கொண்டிருந்தது. எழுந்து எதிர் மேசைக்குப் போய்ச் சொல்ல எனக்கு நான்கு எட்டுகூட ஆகியிருக்காது. நான் போகவில்லை. அக்கா ஒருமுறை, "நீ ஏதாச்சும் புதுசா பார்த்தியா?" என்று கேட்டார். "இல்லக்கா, நீங்க காட்டுனதுதான்" என்றேன்.

தேர்வு நாளில் நான் முடித்து எழுந்தபோது, அக்கா இடது கையால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பாதியில் இருந்தார். தவுக்கே என் திரையைப் பார்த்து அசந்துபோனார். எப்படிச் செய்தேன் என்று கேட்டார், நான் எனக்கு வாய்த்த நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த ஆங்கிலம் என்னிடம் இருந்த இரும்பு. எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் ஒருவேளை நானே வென்றிருப்பேன். அந்த ‘ஒருவேளை’ என்ற நிச்சயமின்மையைத்தான் அன்று என்னால் தாங்க முடியவில்லை. அக்கா என் திரைக்கு வந்து, ஒரு சரக்கின் பெயரைத் தானே அடித்து, எண் வந்து நிற்பதைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் கோலாலம்பூருக்கு மாறினேன். அக்காவைக் கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு பந்திங்குக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒருமுறை கிள்ளான் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா இறந்துவிட்டதாகவும், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்வதாகவும் சொன்னார். என் மகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "இன்னும் வெளாடுறியா?" என்றார்.

"நேரமே இல்லக்கா."

"நான் பழசு ஒண்ணு வாங்கிப் போட்டு வெளாடுறேன். கம்ப்யூட்டரோடதான். அதுக்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்கும், திருப்பி ஒண்ணும் குடுக்காது" என்று சிரித்தார்.

அவர் என்னைக் குத்திச் சொன்னாரா, இல்லை விளையாட்டைப் பற்றித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று மறைத்ததை அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பந்திங் பஸ் வந்துவிட்டது. அவர் படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார். நான் முகவரிகூடக் கேட்கவில்லை.

இப்போது எனக்கு அறுபது நெருங்குகிறது. அந்த அலுவலகம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. அக்கா இருக்கிறாரா என்று விசாரிக்க இரண்டு முறை பந்திங்குக்குப் போனேன். யாருக்கும் தெரியவில்லை. அதனால் இங்கேயே சொல்கிறேன். அக்கா, ஏதாச்சும் புதுசா பார்த்தியா என்று நீங்கள் என்னைக் கேட்ட அன்று அந்த வழி எனக்குத் தெரியும்.