ஹாரோ பிரபு இறக்கிய அரிசி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி ஊரில் நஜ்முதீனைத் தெரியாத தமிழர் குறைவு. வாரம் முழுக்க எண்ணெய்க் குழாய்களுக்கு டிசைன் போடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் காரிலேயே உட்கார்ந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குத் தொடர்கதை எழுதுவார். நாயகன் எட்மண்ட் ஹாரோ, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் மந்திரி. அசல் ஹாரோ லண்டனை விட்டு நகர்ந்ததே இல்லை. நஜ்முதீனின் ஹாரோவோ மாலுமி வேஷத்தில் நாகூருக்கு வந்து, வாள் சுழற்றி, பஞ்ச காலத்தில் சீமைக்குப் போகவிருந்த அரிசி மூட்டைகளை மறித்து, கரையில் இறக்கி, ஊருக்கே கொடுக்கிறான்.

முதல் இரண்டு வாரம் 'கற்பனைக் கதை' என்றுதான் மேலே போட்டார். ஒருவரும் சீண்டவில்லை. மூன்றாவது வாரம் 'மறைக்கப்பட்ட வரலாறு' என்று மாற்றினார், அவ்வளவுதான், எடிசன், சான் ரமோன் என்று ஊர் ஊராகத் தமிழ் குரூப்புகளுக்குப் பறந்தது. நம்ம ஆட்களுக்கு மறைத்து வைத்தது என்றால் போதுமே! சும்மா சொல்வானேன், நானே நான்கு குரூப்புக்குத் தள்ளிவிட்டேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. பேச்சுப் போட்டிக்கு நான் நடுவர். தலைப்பு, 'வரலாற்றில் எனக்குப் பிடித்தவர்'. நஜ்முதீனின் ஒன்பது வயது மகள் ரிதா அட்டைத் தொப்பியும் மையில் வரைந்த மீசையுமாக மேடையேறினாள். வாப்பாவுக்கு சர்ப்ரைஸ் என்று அவள் உம்மா ரசியா பேகம் ஒரு மாதமாக அவருக்குத் தெரியாமல் தயார் செய்திருந்தார். ரசியாவுக்குச் சொந்த ஊரே நாகூர்.

வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை, ஐந்து நிமிடம் திக்காமல் தமிழில் பேசியது. "எங்கள் நாகூர் மக்களைப் பசியிலிருந்து காப்பாற்றியவர் ஹாரோ பிரபு!" என்று அவள் முடித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. ரசியா அழுதுவிட்டார்.

முதல் பரிசு என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது நஜ்முதீன் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன பாய், உடம்பு சரியில்லையா?"

"சார், அரிசிக் கப்பலை நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர் போட்டதே அந்த ஹாரோதான். படிச்சிட்டுத்தான் எழுதினேன். ஒரு ட்விஸ்டுக்காக மாத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷனை அங்கேயே நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. நான் தள்ளிவிட்ட நான்கு குரூப்பும் கூடவே ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப எதுக்கு பாய்? குழந்தை இன்னிக்குத்தான் தமிழ்ல வாயைத் திறந்திருக்கா. இங்க சொன்னா இனிமே பேசவே மாட்டா. வீட்ல மெதுவா சொல்லிக்கலாம்."

"முந்நூறு பேர் கைதட்டிட்டாங்களே சார்" என்றவர், மைக்கை எடுத்துவிட்டார்.

"இந்தக் கதை முழுக்க நான் கட்டிவிட்டது. ஹாரோ யாரையும் காப்பாத்தல. அந்த அரிசியை அனுப்பி வெச்சவனே அவன்தான். தப்பு என்னோடது, என் புள்ளையோடது இல்ல."

ரசியா வாயைப் பொத்திக்கொண்டார். மேடையில் நின்ற ரிதா தொப்பியைக் கழற்றினாள். இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தமிழிலேயே கேட்டாள்.

"அப்போ அந்த மக்களை யார் வாப்பா காப்பாத்துனது?"

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"யாரும் காப்பாத்தலம்மா."