உறை பிரிக்காத கபடி மேட்

நான் வேலை பார்க்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு நிதியிலிருந்து பெண்கள் அணிக்குக் கீழே விரித்து ஆடும் ஒரு கபடி மேட் வாங்கினோம். வாங்கிய பொருளைத் தணிக்கையாளர் கண்ணில் காட்டும்வரை உறை பிரிக்கக் கூடாது என்பது எங்கள் கணக்குப் பிரிவில் எழுதாத சட்டம். அழுக்கானால் பழசை வாங்கிவிட்டோம் என்று சந்தேகம் வருமாம். இதுவரை யாருக்கு வந்ததோ, தெரியாது. மேட் ஸ்டோர் ரூமில் பத்திரமாகத் தூங்கியது. பெண்கள் சரளை மண்ணில் விழுந்து எழுந்தார்கள்.

அணித் தலைவி கவரைப்பேட்டையில் என்னோடு ரயில் ஏறுகிறவள். ஒரு நாள் காலை, முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, ஆடிட்டர் வந்து அதுல கபடி ஆடப் போறாரா?"

எனக்குச் சுருக்கென்றது. அலுவலகம் போனதும் எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் சண்டை போட்டேன். கேள்வி வந்தால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று ஸ்டோர் ரூம் சாவியை வாங்கினேன். அன்று மாலையே பெண்கள் உறையைக் கிழித்தார்கள்.

சில மாதம் கழித்துத் தணிக்கையாளர் மைதானத்துக்கு வந்தபோது மேட்டின் நடுக்கோடு பாதி அழிந்திருந்தது.

"புதுசுன்னு கணக்குல இருக்கு. எப்படி இப்படித் தேஞ்சுது?" என்றார்.

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் தலைவி முந்திக்கொண்டாள்.

"டெய்லி ஆடிக்கினு இருக்கோம் சார்."

தணிக்கையாளர் ஷூவைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷத்துக்கு இன்னொண்ணு கேட்டிருக்கீங்களா?"