சுகுணா அக்காவின் எட்டாம் அத்தியாயம்

சுகுணா அக்கா இறந்த செய்தி, அவருடைய நாவலை நாம் எல்லோரும் வாசித்த அதே வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாக அத்தியாயம் வரும் நேரம். நான் ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இருந்த முன்வீடு பூட்டியிருந்தது. அக்காவின் அம்மாவும் தம்பியும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். போன் அதிர்ந்தது. நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் இரண்டு வரி எழுதியிருந்தார். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே இரண்டு பேர், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை அழுத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துவிட்டுக் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள்.

அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஞாயிறு காலையில் சுகுணா என்ற பெயரைப் பார்த்ததும், படிப்பதற்கு முன்னாலேயே அந்த முகத்தை அழுத்துகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருந்தது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. அத்தியாயங்களைக் குழுவில் போட்ட எண் என்னுடையது. செகந்திராபாத் பக்கம் லாலாகுடாவில் அக்கா வீட்டின் பின்போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அப்பாவுக்கு நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஊரைவிட்டு வந்தபோது எட்டாவது முடித்திருந்தேன். இங்கே தெலுங்கு வகுப்பில் வாயைத் திறக்காமல் சில மாதங்கள் உட்கார்ந்திருந்தேன். பிறகு போகவில்லை. வீட்டிலிருந்தபடி ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பேச வரும், தமிழ் எழுதத் தெரியாது. அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அக்கா படித்தது எல்லாம் இங்கிலீஷும் தெலுங்கும். நாச்சாரத்தில் ஒரு கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தார். ஒரு நாள் என் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏய் தங்கம், நீ தமிழ்ல டைப் அடிப்பியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்போ நான் பேசுறேன், நீ அடி. ஆனா என் பேச்சை நீ நல்ல தமிழ் ஆக்கக் கூடாது. நக்கோ, வேணாம். எவனாவது படிச்சா நான் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கணும்" என்றார். அப்படித்தான் 'சமையல்காரருக்குச் சொல்லவில்லை' தொடங்கியது.

கதையை நீங்கள் அறிவீர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். சொந்தக்காரர்கள், ஐயர், நாதஸ்வரக்காரர் எல்லோருக்கும் தகவல் போகிறது. சமையல்காரருக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விடிந்ததும் அவர் மண்டபத்தில் முழுச் சாப்பாடும் செய்து வைத்துவிட்டு, "பந்தி எப்போ?" என்று போன் செய்கிறார். மணப்பெண் ஆட்டோ பிடித்துப் போய், காலி மண்டபத்தில் தனியாக இலை போட்டுச் சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்தத் தெருவில் யாரைப் பார்த்தாலும் கையில் லட்டு. அவளுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்கூட அவள் வீட்டு லட்டையே அவளிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஞாயிறு மாலையில் அக்கா மிர்ச்சி பஜ்ஜி வாங்கி வருவார். நான் உங்கள் கருத்துகளை வாசித்துக் காட்டுவேன். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், "அம்மா, சிரித்ததில் பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன், ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு" என்று எழுதியிருந்தார். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு அக்கா, மீட்டிங்கில் மைக்கை அணைக்காமல் சிரித்து மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள், "ஆன்ட்டி, ஆடியோ போடுங்கோ" என்று கேட்டிருந்தார்கள். கல்யாணம் நின்றதை வைத்துக் கேலி செய்வது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று ஒருவர் திட்டியிருந்தார். அதை நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டார். "திட்டையும் படி. சிரிக்கிறவன் முதல் வரியிலயே சிரிச்சிட்டுப் போயிடுவான். திட்டுறவன்தான் கடைசி வரைக்கும் படிச்சிருப்பான்."

அப்படி ஒரு மாலையில், எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்து முடித்தபின் அக்கா சொன்னார்: "தங்கம், நான் நெஜமாவே அந்த மண்டபத்துல போய்ச் சாப்பிட்டேன். எனக்குப் பசிச்சுது. முந்தின நாள்லேர்ந்து யாரும் எனக்குச் சோறு போடல, எல்லாரும் அழுதுட்டு இருந்தாங்க. இத்தனை பேர் படிச்சாங்களே, ஒருத்தராவது அவ ஏன் போய்ச் சாப்பிட்டான்னு கேட்டாங்களா பாரு." நான் போனில் மேலும் கீழும் தேடினேன். யாரும் கேட்டிருக்கவில்லை. அக்கா மிச்சமிருந்த பஜ்ஜியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

எட்டாம் அத்தியாயம்தான் உங்களுக்கு மிகவும் பிடித்தது. அந்த மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டுகிறான். கதாநாயகி கல்யாண போட்டோவைப் பார்க்கிறாள். எல்லாப் படத்திலும் மணப்பெண்ணின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மாலை கனம் தாங்காத கழுத்து என்றும், குக்கர் விசிலுக்குக் காது கொடுப்பவள் என்றும், மாப்பிள்ளைக்கு ஏற்ற கோணல் என்றும் அக்கா அடுக்கிக்கொண்டே போயிருப்பார். டைப் அடிக்கும்போது நானும் சிரித்தேன். அந்த வாரம் வந்த மஞ்சள் முகங்களைப் போல் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

இந்த நகரத்துக்குப் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால், விசாரித்து எண்ணை வாங்கிக் குழுவில் சேர்ப்பது நம் சங்கத்தின் வழக்கம். எங்களையும் அப்படித்தான் சேர்த்தார்கள். யாரும் தனியாக இருக்கக் கூடாது என்று செய்கிற நல்ல காரியம் அது. அந்த வழக்கப்படி, கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணையும் சேர்த்திருந்தார்கள். அவர் யார் மனைவி என்று சேர்த்தவர்களுக்குத் தெரியாது. அவர் குழுவில் இருப்பது அக்காவுக்கும் தெரியாது.

அத்தியாயம் போட்ட சில நாட்கள் கழித்து அவரிடமிருந்து என் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. இப்போது அவர் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை.

"நாவல் நன்றாக இருக்கிறது. பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். சமையல்காரர் விஷயத்தை என் கணவர் எனக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தார். நீங்கள் எழுதியிருப்பதுதான் உண்மை என்று தோன்றுகிறது. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம். தலை சாய்ந்திருப்பது மாலையின் கனத்தால் இல்லை. எனக்குச் சிறு வயதிலிருந்தே வலது காது கேட்காது. இடது காதைக் கொடுத்துக் கேட்டு அப்படிப் பழகிவிட்டது. அவருக்கு இது தெரியும். வீட்டில் எனக்கு வலது பக்கமாக நின்றுதான் பேசுவார். திரும்பக் கேட்டால், ஒரு தடவைக்கு மேல் சொல்ல முடியாது என்பார்."

ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றைக்கே முன்வீட்டுக்குப் போனேன். அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்டயும் அப்படித்தான் தங்கம். எனக்கு ரெண்டு காதும் நல்லா இருந்துச்சா, அதனால வேற வழி கண்டுபிடிச்சான்" என்றார். பிறகு, "அவனைத் திட்டுறதா நெனச்சுக்கிட்டு நான் யாரைப் போட்டு அடிச்சிருக்கேன் பாரு" என்றார். நான் அழுதுவிட்டேன். "கைக்கு, ஏன் நீ அழுவுற? எழுதினவ நானு. முதல்ல அதை அழி."

அனுப்பியவரே அழிக்கும் நேரம் தாண்டியிருந்தது. அவரவர் போனில் அழித்துவிடும்படி அக்கா சொல்லி, நான் குழுவில் எழுதினேன். அதுதானே இருப்பதிலேயே நல்ல பகுதி என்று கேட்டீர்கள். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டீர்கள். அக்கா காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் யார் என்று நீங்கள் தேடுவீர்கள் என்று பயந்தார். அதற்குள் பலர் தம் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

பிறகு அக்கா எட்டாம் அத்தியாயத்தைப் புதிதாகச் சொன்னார். அதில் கதாநாயகி போட்டோவைப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கே போகிறாள். மேடை ஏறி, மணப்பெண்ணின் இடது பக்கமாகப் போய் நின்று, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறாள். விடிந்ததிலிருந்து அந்தப் பெண்ணை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. அவ்வளவுதான் அத்தியாயம். சப்பென்று இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். சுகுணாவுக்கு என்ன ஆச்சு, அழுமூஞ்சி சீரியல் ஆக்கிட்டாங்களே என்று இன்னொருவர். அதற்கடுத்த ஞாயிறுகளில் கருத்துகள் குறைந்தன. பிறகு நான் வாசிக்க எதுவும் இல்லாத மாலைகளும் வந்தன. அக்கா அப்போதும் பஜ்ஜி வாங்கி வந்தார். "அந்தப் பொண்ணு எதாச்சும் எழுதிச்சா?" என்று மட்டும் கேட்பார். அவர் எழுதவில்லை. "ஹவ், ஆமா, எழுதாது. ஆனா படிக்குது" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசி அத்தியாயத்தை அந்தக் காய்ச்சலோடுதான் பேசி எனக்கு அனுப்பினார். நடுவில் பல இடங்களில் இருமல். "தண்ணி குடிச்சிட்டு வரேன் இரு" என்று ஒரு இடத்தில் வருகிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவரால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்து, விரலால் டைப் அடிப்பது போல் காட்டினார். முடிச்சிட்டியா என்று கேட்கிறார் என்று புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

காரியம் முடிந்ததும் செயலாளர் ஐயா வீட்டுக்கு வந்தார். நாவலை அக்காவின் நினைவாகச் சங்கமே புத்தகமாகப் போடும் என்றார். அக்காவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எட்டாவது மட்டும் பழசையே போட்டுடலாம்மா. அஞ்சலின்னா எல்லாரும் அழணும்னு இருக்கா? அவ நம்மளைச் சிரிக்க வெச்சவ. அப்படித்தான் அவளை ஞாபகம் வெச்சுக்கணும்" என்று என்னிடம் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அது சம்மதம் இல்லை. பழைய எட்டாம் அத்தியாயம் என் போனில் இப்போது இல்லை, அக்காவின் குரலில் இருந்த பதிவையும் அழித்துவிட்டேன். உங்களில் சிலரிடம் அது இருக்கும். புத்தகத்தில் அதைப் போட்டால் குழுவில் போடாத கடைசி அத்தியாயத்தை நான் தரமாட்டேன். உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வராது. அக்கா நம்மைச் சிரிக்க வைத்தார் என்பது சரிதான். எதை வைத்து இனிமேல் சிரிக்க மாட்டேன் என்று முடிவு செய்ததும் அதே அக்காதான். அந்த முடிவுக்காக அவர் உங்களை இழந்தார். அதை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. போன வாரம் மதியம் ஒரு பெண் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பெரிய பை. செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இறங்கியதாகச் சொன்னார். ஊருக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்றார். நான் ஏதோ கேட்க, அவர் தலை சாய்ந்தது. அப்போதுதான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. நான் சுற்றி வந்து அவருடைய இடது பக்கம் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"கதை எப்படி முடியுதுன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். நான் இன்னும் டைப் அடிக்காத பதிவைப் போட்டு, போனை அவருடைய இடது காதில் வைத்தேன். வாசலில் நின்றபடியே முழுதும் கேட்டார். அக்கா இருமும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கதையில் அந்த மணப்பெண் ஒரு நாள் பையோடு கதாநாயகியின் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு பேரும் இலை போட்டு உட்காருகிறார்கள். அக்காவின் குரலில் கடைசி வரி இதுதான்: "இந்த வாட்டி நாங்க யாருக்கும் சொல்லல. சமையல்காரருக்கு மட்டும்தான் சொன்னோம்."

அந்தப் பெண் சிரித்தார். சத்தமாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு தடவை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போனார்.

சுகுணா அக்காவின் நாவலுக்கு வந்த கடைசிக் கருத்து அது. ஞாயிறு மாலையில் வாசித்துக் காட்ட அவர் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது.