அக்காவின் தூள் பைக்கு நான் எழுதிய இரண்டு வரி

தொழிலதிபர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களில் பதினொன்றை நான் அட்டை முதல் அட்டை வரை வாசித்திருக்கிறேன். அந்தக் காலம் முழுவதிலும் நான் விற்றது ஒரேயொரு பழைய சைக்கிள். அதையும் வாங்கியவர் மூன்றாம் நாள் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் படலையில் சாத்திவிட்டுப் போனார். ஆனாலும் கனகராயன்குளத்தில் வியாபாரம் பற்றி யாராவது வாய் திறந்தால் முதலில் விளக்கம் சொல்லுகிறவன் நான்தான்.

புத்தகங்களைக் கிளிநொச்சியில் ஒரு கடையில் வாங்குவேன். சோதிடத்துக்கும் பரீட்சை வழிகாட்டிக்கும் நடுவில் அடுக்கியிருப்பார்கள். அட்டையில் கோட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பள்ளிக்கூட அதிபரிடம் பிடிபட்டவன். இவர்களோ உலகத்தை மொத்தமாக விலைபேசி முடித்தவர்களைப் போல நின்றார்கள். நானும் வேப்பமரத்தடியில் அப்படி நின்று ஒரு படம் எடுத்தேன். பார்த்த மனைவி, வயிற்றுக்குள் ஏதும் செய்கிறதா என்று கேட்டாள்.

வெற்றி பெற்றவர்கள் காலை ஐந்து மணிக்கே எழும்புகிறார்கள் என்றது ஒரு புத்தகம். ஐந்து மணிவரை படுத்துக் கிடப்பவனை எங்கள் ஊரில் சோம்பேறி என்பார்கள். நாலு மணிக்கே மண்வெட்டியோடு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விடும் சனம் இது. இன்னொரு புத்தகம், பழகிய இடத்தை விட்டு வெளியே வாருங்கள், அப்போதுதான் முன்னேறலாம் என்றது. ஐயோ கடவுளே! பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு நாங்கள் எத்தனை தரம் வெளியே வந்தோம் என்று அந்த மனுசனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். தோல்விதான் முதல் மூலதனம் என்றது மூன்றாவது. அது உண்மையென்றால் வன்னியில் ஒழுங்கைக்கு ஒரு கோடீசுவரர் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போதும் விளங்கியது. விளங்கியும் மஞ்சள் பேனையால் கோடு போட்டுப் போட்டு வாசித்தேன். விசர் என்றால் அப்படியொரு விசர்.

விற்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அக்காவிடம் இருந்தது. அக்கா மிளகாய்த்தூள் செய்து விற்கிறார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தாச்சியில் தனித்தனியாக வறுத்து, மில்லில் அரைப்பித்து, வெறும் பொலித்தீன் பையில் போட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டிவிடுவார். விசுவமடுவில் இருந்த அவருடைய வீடு சண்டையில் இடிந்து போனது. முகாமிலிருந்து வந்த நாள் முதல், சண்டைக்குப் பிறகு நாங்கள் குடிவந்த இந்தக் காணியிலேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். பையில் பெயர் கிடையாது, படம் கிடையாது. சனம் பாட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனது. புத்தகங்களின்படி இது வியாபாரமே இல்லை.

"அக்கா, உங்கட தூளுக்கு ஒரு அடையாளம் வேணும்" என்றேன்.

"மூக்கு இருக்கிற ஆக்களுக்கு அடையாளம் என்னத்துக்கடா? பையைத் திறந்தா மணக்கும்."

"முகநூலில மணக்காது அக்கா."

"அப்ப அங்க கொண்டுபோய் விக்காதை."

இவ்வளவு தெளிவான வியாபார ஆலோசனையை எனக்குப் பதினொரு புத்தகங்களும் தந்ததில்லை. நான் கேட்டேனா? கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் சமூக ஊடகத்தில் சந்தைப்படுத்துவது பற்றி ஒருநாள் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அக்காவின் பெயரில் நான் போனேன்.

கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். மண்டபத்தில் அரைவாசிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்காக வந்தவர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பார்சலில் முட்டை இருந்தது. ஆலோசகர் வெள்ளைத் திரையில் ஒரு பெரிய வசனத்தைப் போட்டார். பொருளை விற்காதீர்கள், உங்கள் கதையை விற்கவும். எனக்குப் பக்கத்தில் இருந்த கச்சான் கடலை விற்கும் அம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, வாறவை கச்சான் வறுத்ததோ அவிச்சதோ எண்டுதான் கேக்கினம். நான் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"இனிமே கேப்பாங்கம்மா" என்றார் ஆலோசகர்.

கதை சொல்லுவதற்கு எங்களுக்குப் பயிற்சி வேண்டுமா? உதவி நிறுவன வாகனத்தில் கொடி கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் எங்கள் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடத்தில் சொல், இரண்டு நிமிடத்தில் சொல், மொழிபெயர்க்கிறவர் மூச்சு விடுவதற்கு இடம் விட்டுச் சொல் என்றாலும் எங்கள் சனத்துக்குச் சொல்லத் தெரியும். சொல்லி முடித்தால் ஒரு தண்ணீர்த் தாங்கி வரும், சில நேரம் இரண்டு கோழி வரும். அந்த மண்டபத்தில் ஆலோசகர்தான் மாணவன். ஆனால் நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன்.

தேநீர் நேரத்தில் அவரைப் பிடித்தேன். அக்காவின் கதை என்னவென்று கேட்டார். சொன்னேன். சண்டை முடிந்த நேரத்தில் அத்தானை, அக்காவின் கணவரை, ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றியதை அக்கா கண்ணால் கண்டவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆலோசகர் ரோல்ஸைக் கடித்தபடி யோசித்தார். "அது கொஞ்சம் சிக்கலான கதை. கஸ்டமர் குழம்பிடுவாங்க. ஆள் இருக்காரா இல்லையான்னு யோசிக்கத் தொடங்கினா வாங்க மாட்டாங்க. சிம்பிளா, போரில் கணவனை இழந்த பெண்ணுன்னு போடுங்க. ஒரே வரி. கண்ணீர் வரணும்."

அந்த இடத்திலேயே நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். அக்கா இன்றும் பொட்டு வைக்கிறார். தாலியைக் கழற்றவில்லை. மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் உதவி கிடைக்கும் என்று படிவத்தோடு வந்த அலுவலருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, "ஆள் செத்ததை ஆர் தம்பி பாத்தது? பாத்தவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். சொந்தக்காரர் எத்தனையோ பேர் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். அந்த ஒரு கையெழுத்தை அவர் யாருக்கும் வைக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஆலோசகர் சொன்னதை எழுதி, கீழே மஞ்சள் கோடும் போட்டேன்.

அடுத்தது படம். கண்ணீர் வேண்டும் என்றாரே! அக்கா மிளகாய் வறுக்கும் நேரம் பார்த்துப் போனேன். புகை எழும்பி, நாயும் கோழியும் காணியை விட்டு ஓடிக்கொண்டிருந்தன. அக்கா இருமிக்கொண்டு, கண்ணாலும் மூக்காலும் வடிய வடிய, தாச்சியைப் பிரட்டிக்கொண்டிருந்தார். "நல்ல பதமா வறுபடுது, மிளகாயை வடிவா எடு" என்றார். நான் மிளகாயை எடுக்கவே இல்லை.

வீட்டுக்குள் வந்து படத்தில் இருந்த புகையை அழித்தேன். தாச்சியை வெட்டினேன். மிஞ்சியது அழுகிற ஒரு பெண். கீழே நானே இயற்றிய இரண்டு வரி: 'போரில் கணவனை இழந்தவள். வாழ்க்கையை இழக்காதவள்.' எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. வவுனியாவில் அச்சகக்காரர் வாசித்துவிட்டு, "அண்ணை, நீங்கள் இஞ்ச இருக்க வேண்டிய ஆளே இல்லை" என்றார். லேபலைச் சிவப்பிலும் மஞ்சளிலும் அடித்தார். அக்காவுக்குப் பிறகு காட்டிச் சந்தோசப்படுத்தலாம் என்று லேபல் கட்டை என் அலுமாரிக்குள் வைத்தேன். படத்தையும் வரிகளையும் மட்டும் முகநூலில் போட்டேன்.

பற்றிக்கொண்டது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழுகிற முகங்களும் சிவப்பு இதயங்களும் வந்து விழுந்தன. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. தூள் உறைக்குமா, மீனுக்கு நல்லதா, இறைச்சிக்கு நல்லதா என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை. ஒருவர், "எனக்குத் தூள் வேண்டாம், அந்த அம்மா பேசும் காணொளி போடுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கும் நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். ஓடர்கள் வந்தன. என் வீட்டுக்குள் வைத்தே லேபல் ஒட்டி, பெட்டியில் கட்டினேன். வெளிநாட்டுக்குப் போகிறது என்றதும் அக்கா இன்னும் ஒரு தாச்சி கூடுதலாக வறுத்தார்.

அக்கா கிழமையில் ஒருநாள் கிளிநொச்சிக்குப் போவார். வீதியோரக் கொட்டகையில், காணாமல் போனவர்களின் படங்களை வைத்துக்கொண்டு பெண்கள் இருப்பார்கள். அவர்களோடு இவரும் அத்தானின் படத்தோடு இருந்துவிட்டு வருவார். அந்தக் கிழமை பார்சல் அனுப்ப வேண்டியிருந்ததால் நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கொட்டகைக்கு முன்னால் இறக்கிவிட்டேன்.

எப்போதும் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். இரண்டு மகன்மாரைத் தேடுகிறவர். அக்காவைக் கண்டால் பாயில் நகர்ந்து இடம் விடுவார். அன்றைக்கு நகரவில்லை.

"எப்ப எடுத்தனீ?" என்று கேட்டார்.

"என்னத்தை அம்மா?"

"மரணச் சான்றிதழ். நாங்கள் பிழை சொல்ல மாட்டம் பிள்ளை, அவரவற்ர கஷ்டம் அவரவருக்கு. ஆனா இவ்வளவு காலம் ஒண்டா இருந்தனாங்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்."

"நான் எடுக்கேல்லையே. ஆர் சொன்னது?"

அந்த அம்மா தன் போனை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, இரண்டு வரியையும் வாசித்தார். முடித்துவிட்டு முதலில் இருந்து மறுபடி வாசித்தார்.

"படத்தில அழுதுகொண்டு நிக்கிறாய்" என்றார் அந்த அம்மா.

"மிளகாய் வறுத்தனான்" என்றார் அக்கா.

பிறகு என் பக்கம் திரும்பினார். அடித்திருக்கலாம், நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றியிருப்பேன். பாயின் ஓரத்தில், வெயில் படுகிற இடத்தில் போய், அத்தானின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கொட்டகைக்கு எதிரே கண்டி வீதியில், பஸ்கள் புழுதி இறைக்க, அவர் எழும்பும்வரை நின்றேன். நின்ற இடத்திலேயே முகநூலில் போட்டதை அழித்தேன். என்னத்துக்கு? அதற்குள் எத்தனையோ பேர் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊர் தெரியாதவர்கள், முகம் தெரியாதவர்கள், எல்லோரும் சேர்ந்து அத்தானுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதிகம் பேரைச் சென்றடைவது எப்படி என்று படித்தவன் நான். அதைத் திருப்பிக் கூப்பிடுவது எப்படி என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லேபல் கட்டைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றை உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, பிழைதான். 'கணவனைத் தேடும் பெண்' எண்டு மாத்தி அடிப்பம்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வரி திருத்தத்தான் தோன்றியது, பாருங்கள்.

"அவர் வந்து இதை வாசிச்சா," என்றார் அக்கா, "நான் என்னெண்டடா அவற்ர முகத்தில முழிக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை அது, நல்லவன் அழுத அழுகை இல்லை. லேபல்களை வேலிக்கு வெளியே கொண்டுபோய் எரித்தேன். அக்கா அடுத்த கிழமையும் கொட்டகைக்குப் போனார், பஸ்ஸில், என்னைக் கூப்பிடாமல். அந்த அம்மா நகர்ந்து இடம் விட்டாராம். மனைவிதான் வந்து சொன்னாள். அக்கா என்னோடு பேச இன்னும் சில நாட்கள் எடுத்தது.

பேசிய அன்றைக்கு, ஒரு வெறும் தூள் பையைக் கையில் கொண்டு வந்தார்.

"தம்பி, லேபல் ஒண்டு அடிக்கத்தான் வேணும்."

நான் பயந்துபோனேன். "வேண்டாம் அக்கா. நீங்கள் முந்தி வித்த மாதிரியே வில்லுங்கோ."

"சொல்லுறதைக் கேள். படம் வேண்டாம். உன்ர கண்டறியாத கதையும் வேண்டாம். மிளகாய்த்தூள் எண்டு போடு. என்ர பேரைப் போடு. விலாசத்தைப் போடு."

"சரி. விலாசத்தைக் கீழ சின்னனாப் போடுறன்."

"சின்னன் இல்லை, பெரிசா. தூள் எண்ட எழுத்திலும் பெரிசா. எந்தச் சந்தியில இறங்கிறது, இறங்கி எந்தப் பக்கம் திரும்புறது, எத்தினையாவது ஒழுங்கை, எல்லாம் எழுது."

"தூள் வாங்கிறவைக்கு இவ்வளவு விபரம் என்னத்துக்கு அக்கா?"

"வாங்கிறவைக்கு இல்லை. இது எங்கையெல்லாமோ போகுது எண்டு நீதானே சொன்னனீ. உன்ர அத்தானுக்கு விசுவமடு வீடுதான் தெரியும். அங்க வந்து பாத்து, ஒருத்தரும் இல்லை எண்டு திரும்பிப் போடுவார்."