கண்ணுக்குத் தெரியாத எலிக்கு ஒரு வால்

என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் எலியாக நடிக்கிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான், அந்த எலி கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் உடை தைத்தாகிவிட்டது. கணவரின் பழைய சாம்பல் நிறக் கால்சட்டையை வெட்டித் தைத்தது. காதுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. இலவம்பஞ்சு அடைத்து ஒரு முழ நீளத்துக்கு வால். வால் ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்று மூன்று முறை பிரித்துத் தைத்தேன். என் சுபாவம் அது. எதையும் நன்றாகத்தான் செய்வேன். செய்த பிறகு, நன்றாகச் செய்தேனா என்று கிடந்து யோசிப்பேன்.

மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பூனை எலியைத் துரத்தும் பழைய கார்ட்டூன் ஒன்று அவளுக்கு உயிர். எலி எதையோ குடித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்புறம் தட்டு தானாக நகரும், நாற்காலி தானாக விலகும், பூனை தடால் தடாலென்று விழும். வசனமே கிடையாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால் அதையே நாடகமாகப் போட வகுப்பு மிஸ் முடிவு செய்திருந்தார். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: எலிக்கு உடை தேவையில்லை.

உடனே போன் செய்தேன்.

“எலி தெரியவே தெரியாதுங்க மேடம். உங்க பாப்பா சைடு ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னு கயிறு இழுப்பா. ரொம்ப முக்கியமான ரோல்ங்க.”

முக்கியமான ரோல் என்று சொன்னதும்தான் எனக்குக் கவலை அதிகமானது.

காரணம் என் மாமனார். அவருடைய அப்பா பிறர் வயலில் கூலிக்கு நட்டவர். மாமனார் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஆண்டு விழா என்றால் பெஞ்சு தூக்குவதும் திரை இழுப்பதும் அவர் தெருப் பிள்ளைகள். வேஷம் கட்டுவது வேறு தெருப் பிள்ளைகள். எனக்குக் கல்யாணமான புதிதில் இதை ஒரு வேடிக்கை போலச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சொந்த நிலத்தில் பயிர் செய்கிறார், மகன் அரசு வேலையில் இருக்கிறார், ஆனாலும் எனக்கு அந்தத் திரை மறக்கவில்லை. இப்போது அவர் வேன் பேசிவிட்டார்.

“சம்பா அறுப்பு முடிஞ்சிருச்சும்மா, எல்லாரும் சும்மாதான் இருக்கோம். பதினோரு பேர் வர்றோம். எம் பேத்தி மேடை ஏறுறான்னு ஊரே பேசுது.”

ஊருக்குச் சொன்னது அவர். அவருக்குச் சொன்னது நான்.

மறுநாள் உடையைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பூனை வேஷக்காரப் பையன் வடை வைத்த தட்டை நோக்கித் தவழ்ந்தான். திரை ஓரத்தில் என் மகள், இரண்டு கையிலும் கயிறுகளோடு, உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டு நின்றாள். மூன்றில் இழுத்தாள். தட்டு நகர்ந்தது. வீட்டில் சட்டைப் பொத்தான் போடக்கூட என்னைக் கூப்பிடுகிற பிள்ளை.

மிஸ்ஸிடம் கேட்டேவிட்டேன். “கடைசில ஒரே நிமிஷம், இந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு வந்து நிக்கட்டுங்களே. ஊர்லேருந்து வர்றாங்க.”

“தாராளமா மேடம். வாலெல்லாம் எவ்ளோ அழகா தச்சிருக்கீங்க!”

ஆனால் மகள், நான் அவள் பொருளைப் பிடுங்க வந்தவள் மாதிரி பார்த்தாள். “வேணாம். பூனை பாத்துடும்.”

“நாடகம் முடிஞ்சப்புறம்தான்டி.”

“முடிஞ்சாலும் பாத்துடும்மா.” பிறகு அவளுடைய குறையைச் சொன்னாள். “கயிறுதாம்மா தெரியுது. வெள்ளையா தெரியுது. எல்லாரும் ‘ஏய் கயிறு, கயிறு’ன்னு சிரிக்கிறாங்க. நான் இருக்கறது தெரிஞ்சிடுதும்மா.” கண்ணில் தண்ணீர்.

அவளை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நான் வந்திருக்கிறேன். பார்த்துவிடுகிறார்களே என்று அவள் அழுகிறாள். யாருக்காகத் தைத்தேன் அந்த வாலை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெளிவானது. உடையைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, நாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் கணவரை அழைத்தேன்.

“சனிக்கிழமை வரும்போது தூண்டில் நரம்பு வாங்கிட்டு வாங்க. மெல்லிசா, நிறமே இல்லாததா.”

“என்ன, மீன் பிடிக்கப் போறியா?”

“எலி.”

“எலி பிடிக்கவா?”

“பிடிக்க இல்லைங்க, ஓட விட.”

நரம்பு வந்தது. வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் எங்கள் தட்டுகளும் பிளாஸ்டிக் நாற்காலியும் தாமாக நடந்தன. நரம்பு விரலை அறுக்கும் என்று பயந்து அவள் விரல்களுக்குத் துணிப் பட்டை சுற்றினேன். இறுக்கமாக இருக்கிறதோ என்று அவிழ்த்து, மறுபடி சுற்றினேன். மாமனாரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. போனில் சொன்னால் வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

விழா அன்று பதினோரு பேரும் வெள்ளை வேட்டியும் பட்டுப்புடவையுமாக இரண்டு வரிசையை அடைத்துக்கொண்டார்கள். திரை விலகியது. பூனை வந்தது.

“எங்கம்மா நம்ம புள்ள?” மாமனார் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

“அது வந்து மாமா... எலி கண்ணுக்குத் தெரியாது. அவ திரைக்குப் பின்னாடி இருந்து இழுக்குறா.”

அவர் செல்போனை இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

அப்போது வடைத் தட்டு கிளம்பியது. எந்தக் கயிறும் தெரியவில்லை. பூனை பாய்ந்தது, தட்டு நழுவியது, பூனை மூக்குக் குப்புற விழுந்தது. பந்தலே சிரித்தது. “யாத்தீ, வடை நடக்குது பாரு!” என்றார் என் சின்ன மாமியார்.

அடுத்து நாற்காலி விலக வேண்டும். பூனை உட்காரக் குனிந்தது. நாற்காலி அசையவில்லை. பூனை அதில் சொகுசாக உட்கார்ந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சபையைப் பார்த்து விழித்தது. நரம்பு விறைத்து நிற்பது எனக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் பலமாக இழுத்தால் அறுந்துவிடும். ஓடிப்போய் உதவலாமா? பாதி எழுந்துவிட்டேன்.

“ஒக்காரும்மா,” என்றார் மாமனார், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “எங்கயோ மாட்டியிருக்கு. இழுக்கக் கூடாது. தளர்த்தி விடணும்... விடு... விடு...”

நரம்பு தளர்ந்தது. ஒரு மூச்சு நேரம். பூனை எழுந்து, மறுபடி உட்காரக் குனிய, நாற்காலி சட்டென்று விலகியது. பூனை மல்லாந்து விழுந்தது.

மாமனார் எழுந்து நின்றார். முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டினார். “இழுக்குறது எம் பேத்திங்க.”

“எங்கங்க? தெரியலையே?”

“தெரியாதுங்க. அதாங்க வேஷம்.”

கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். பூனைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மிஸ் இடம் விட்டிருந்தார். அந்த இடத்துக்கு வடைத் தட்டு மெதுவாக நகர்ந்து வந்து நின்றது. பதினோரு பேரும் தட்டைப் பார்த்துக் கை தட்டினார்கள். மாமனார் செல்போனில் அதைப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தில் ஒரு தட்டும் இரண்டு வடையும்தான் இருக்கின்றன. ஊரில் எல்லோருக்கும் காட்டுகிறார்.