கண்ணாடிப் பெட்டிக்குள் ஷஹர்பானுவின் புத்தகம்

பரமத்தி வேலூரில் இருபத்திரண்டு வருடம் வாடகைப் புத்தகக் கடை நடத்தியவர் ஷஹர்பானு. துப்பறியும் நீலவேந்தன் நாவல் மாதாமாதம் முதலில் அவர் கடைக்குத்தான் வரும். பிறகு எல்லோர் கையிலும் செல்போன் ஏறியது, ஆள் வரத்து நின்றது. புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, போன மாதம் வரைக்கும்.

போன மாதம் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி குழந்தைவேல் தன் வீட்டு மாடியில் நீலவேந்தனுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார். கரூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். டிவியில் பேட்டி வேறு. "நீலவேந்தனைக் காப்பாத்துனது நாந்தானுங்க" என்று அவர் சிரித்தபோது ஷஹர்பானுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த மனுசன் ஒரு புஸ்தகமாவது முழுசாப் படிச்சிருப்பானா?" என்று மருமகள் ஷைமாவிடம் பொருமினார்.

"போய்த்தான் பாத்துட்டு வாங்களேன் மாமி. எரியற வயிறு நேர்ல பாத்து எரியட்டும்."

போனார். நீலவேந்தனின் கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, சுவர் நிறைய அட்டைப்படங்கள். நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் நாவல், கடைசிப் பக்கம் விரித்தபடி. ஓரத்தில் பேனாவால் ஒரு மீன், ஒரு நட்சத்திரம், ரெட்டைச் சுழி. கீழே ஒரு அட்டை: 'ஆசிரியர் தம் கைப்பட வரைந்த ரகசியக் குறிகள்.'

ஷஹர்பானு சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏனுங்க குழந்தைவேலு, ஆசிரியரா போட்டாரு? படிச்சதையே மறுபடி எடுத்துட்டுப் போயிரக்கூடாதுன்னு என் கடைக்கு வாரவங்க ஆளுக்கொரு குறி போட்டு வெப்பாங்க. ரெட்டைச் சுழி என்னுது. மொதப் பக்கத்தைப் புரட்டுங்க."

குழந்தைவேல் பெட்டியைத் திறந்து புரட்டினார். மங்கிய ஊதா முத்திரை: பானு நூல் நிலையம். அந்தப் பக்கத்தை அவர் அன்றுதான் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மெல்லப் பேசுங்க அக்கா, மானம் போவுது. அப்ப மீனு யாருதுங்க? நட்சத்திரம்?"

"ஒவ்வொரு ஆளையும் தெரியும்."

"சொல்லுங்க, அட்டையை மாத்தி எழுதிப்புடறேன்."

"வாசப் போர்டுல உங்க பேரு இருக்குதில்ல? அதுக்கு மேல என் பேரு வரட்டும். சொல்றேன்."

"மேலயா? கீழ போட்டுக்கலாங்க, அதே சைசுல."

"கீழ எதுக்கு? ஆசிரியரே போட்டதாவே இருக்கட்டும். வாரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். மேலே குழந்தைவேல் பெயின்டருக்குப் போன் போடுவது கேட்டது. பாதிப் படியில் ஷஹர்பானு நின்றுவிட்டார். எத்தனை பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறார் என்று கேட்க வேண்டாமா?