வீரமுனை வாசலில் 1127

"அந்த வருஷம் ஒங்கட ஊட்டுல ஆரு பொறந்த?"

எந்த வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்தினாலும் எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான மர்சூக் காக்கா கேட்கும் முதற் கேள்வி இதுதான். ஒரு பழைய சாமான் வீட்டுக்கு வந்த ஆண்டைக் கேட்டால் நம் சனங்கள் முழிப்பார்கள். பிள்ளை பிறந்ததைக் கேட்டால் வெள்ளம், வெள்ளாமை, கிழமை எல்லாம் கூடவே வரும். பிறகு பிறப்புப் பத்திரத்தை வாங்கித் தேதியைக் குறித்துக்கொள்வார். குறிப்பது காருக்காக.

கல்முனையில் ஒரு பஸ் கொம்பனியில் மெக்கானிக் வேலை, வீடு சாய்ந்தமருதில். நகக்கண்ணில் கிறீஸ், காதில் பென்சில், சாரத்தை இறுக்கிய பச்சை வாருக்குள் ஒரு கொப்பி. அந்தக் கொப்பிக்குள் ஆறு கார்கள் இருக்கின்றன. முப்பதுகளில் தோட்டத்துத் துரைமார் கப்பலில் இறக்கி, நுவரெலியா மலைப்பாதையில் பந்தயம் ஓட்டிய, ஒருவர் மட்டுமே குந்தக்கூடிய கார்கள். எந்தத் துரை கொண்டுவந்தார், யாருக்கு விற்றார், எந்த வளைவில் மோதியது, கடைசியில் எங்கே போனது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். இத்தனைக்கும் மனிசன் ஒரு பந்தயத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை!

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையைத் திருத்தப் போனபோது அதன் எஞ்சின் பந்தயக் காருடையது என்று கண்டுபிடித்ததில் தொடங்கியது இது. "ஓடின குதிரையச் செக்குல கட்டின மாதிரி இரிந்திச்சு மாஸ்டர். அதுட பேர் ஊரக் கேக்காம வர மனசு வரல்ல" என்பார் என்னிடம். அவர் மனைவி றுகையாவின் கணக்கு வேறு: "எங்கட சைக்கிளுக்கு ஒழுங்கா ஒரு பிறேக் இல்ல. இவருக்கு ஆறு காராம்!"

மூன்றாம் பக்கத்துக் காரில்தான் வில்லங்கம் வந்தது. 1936இல் நுவரெலியாவில் முதலாவதாக வந்த கார் அது. அதை ஓட்டிய துரை இப்போது இங்கிலாந்தில் கிழவர். காக்காவுக்காக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தவன் பள்ளிக்கூட மாஸ்டரான நான். கார் செய்த கொம்பனி அதில் பொறித்த இலக்கம் 1127 என்று பதில் வந்தது. அதற்குள் கொழும்பில் ஒரு கனவான், அந்தக் கார் தன்னிடம்தான் இருக்கிறது என்றார். அவருடைய காரிலும் 1127 என்றுதான் இருந்தது, பளபளக்கும் புதுத் தகட்டில். அவர் சொன்னதே தை மாத முடிவில் ஒரு மோட்டார் சங்கத்து மலரில் அச்சாக இருந்தது. அந்தக் கார் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு உடைபட்டுப் போனது என்று, தான் விசாரித்து அறிந்ததைக் காக்கா அவருக்கு எழுதினார். 'கல்முனை மெக்கானிக்கின் கட்டுக்கதை' என்று ஒரே வரியில் மறுமொழி வந்தது.

"பொய்க்காரன் எண்டு எழுதிட்டாரே மாஸ்டர்" என்றார். அன்று அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனதாக றுகையா சொன்னார்.

ஐப்பசியில் வீரமுனையில் துப்புக் கிடைத்தது. புண்ணியமூர்த்தி என்ற கமக்காரர் பதுளையில் பழைய இரும்புக் கடையொன்றில் கூம்பிய அலுமினியத் தொட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். விதைநெல் ஊறப்போடுவதற்கு. பார்த்தவுடன் காக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அது பந்தயக் காரின் வால். வழக்கமான கேள்வியைக் கேட்டார். புண்ணியமூர்த்தியின் மனைவி கனகேஸ்வரி வாசல் நிலையைக் காட்டினார்.

"மூத்தவன் பொறந்த வருஷம் காக்கா. மூணு புள்ள தங்காமப் போய், அந்தத் தகடு வந்த பிறகுதான் இவன் தங்கினவன்."

தொட்டியோடு ஒட்டி வந்த சிறு பித்தளைத் தகடு. விளங்காத எழுத்தும் இலக்கமும் கட்டம் கட்டிப் பொறித்திருந்ததால் மந்திரத் தகடு என்று நினைத்து நிலையில் அறைந்துவிட்டார்கள். பத்து வருடச் சந்தனமும் குங்குமமும் அதில் அப்பிக் கிடந்தன.

"அக்கா, இது காருட தகடு" என்றார் காக்கா.

"ஓடுற காரையே காத்த தகடு, நிக்கிற வீட்டக் காக்காதா?"

காக்கா தகட்டுக்குக் கிட்டப் போனார். கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். "கை வெக்கப்படா. பொங்கலுக்கு முதல் நாள்தான் கழுவுற" என்று முடித்துவிட்டார் கனகேஸ்வரி. அவர் அந்தப் பக்கம் போனதும், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதுமே என்றேன் நான். காக்கா என்னை முறைத்தார். "அவ வேணாமெண்டா வேணாந்தான் மாஸ்டர். பொங்கல் எங்க போற?"

மூன்று மாதம் பொறுத்தார். என்னால் அது முடிந்திராது.

பொங்கலுக்கு முதல் நாள் நானும் கூடப் போனேன். கனகேஸ்வரி துருவேறிய ஆணிகளைப் பிடுங்கித் தகட்டைப் பழப்புளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்தார். காக்கா குனிந்து பார்த்தார். ஒன்று தெரிந்தது. இன்னொரு ஒன்று. இரண்டு. கடைசி இலக்கத்தில் சந்தனம் விடாப்பிடியாக நின்றது. கனகேஸ்வரி பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். ஏழு!

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக்கின் சொல் அல்லவா வென்றிருக்கிறது! தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டார்.

"தகட்டையே அனுப்பினால் கொழும்பில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்களே" என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. வாருக்குள்ளிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்தார். மூன்று மாதம் மடியில் கிடந்து கிறீஸ் ஊறிய பொட்டலம். உள்ளே இரண்டு பித்தளை ஸ்குரூ ஆணிகள். தகட்டைப் பழைய இடத்தில் வைத்து, சரிவு பார்த்து, திருப்புளியால் இரண்டையும் இறுக்கினார். சாரத்தின் முனையால் இலக்கத்தை ஒருமுறை துடைத்தார். பிறகு, கனகேஸ்வரி சந்தனம் பூச வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.